ஈஸ்டர் அன்று கழற்றிய அடிபம்பு

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு குழாய் போட்டு முடித்த அன்று, முக்கில் நின்ற பழைய அடிபம்பைக் கழற்றி எடுத்தார்கள். நான் வேடிக்கை பார்க்கப் போனேன். கழற்ற வந்தவர்கள் இருபத்தைந்து வயதுக்குள் நான்கைந்து பையன்கள். இந்த வேலையில்தான் என் காலம் போனது என்று தெரிந்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி நின்றுகொண்டார்கள். எத்தனை அடி ஆழம் போவீர்கள், சம்பளம் என்ன, சாப்பாட்டுக்கு என்ன செய்வீர்கள் என்று ஆளாளுக்குக் கேள்வி. அதில் ஒருவர் கேட்டார்:

“அண்ணாச்சி, உங்களுக்கு ஞாயித்துக்கெழம லீவு உண்டா?”

உண்டு என்றேன். சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறேன் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. நின்றுகொண்டே சொல்லிவிடக்கூடிய விஷயமும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடிபம்பு போய்விட்டதே என்று எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. அடுப்படியில் குழாயைத் திருகினால் தண்ணீர் விழுகிறது. என் மனைவி எஸ்தர் அதைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்தாள். குடம் சுமந்த இடுப்புக்குத்தான் அந்தச் சந்தோஷம் தெரியும்.

நான் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். தூத்துக்குடியில் ஒரு பட்டறையில் கொஞ்ச காலம் இரும்பு ராவினேன். எழுபதுகளில் மழை பொய்த்த வருடங்களில், கோவில்பட்டியில் கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம் ஒன்று கரிசல் ஊர்களுக்கு ஆழ்துளைக் கிணறு போடும் வேலையைத் தொடங்கியது. ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேஜைக்குப் பின்னால் தேவசகாயம் சார் இருந்தார். பட்டாளத்தில் வண்டி, இயந்திரம் பழுது பார்க்கும் பிரிவில் இருந்துவிட்டு வந்தவர். கஞ்சி போட்டுத் தேய்த்த காக்கிச் சட்டை. என்ன படித்தாய், எங்கே வேலை பார்த்தாய் என்று எதுவும் கேட்கவில்லை.

“ஜெபம் பண்ணுவீரா?”

“பண்ணுவேன் சார்.”

“மத்தியானம் ரெண்டு மணி வெயில்ல, கரிசக்காட்டுக்குள்ள நின்னு பண்ணுவீரா?”

“பழகிக்கிடுதேன் சார்” என்றேன். நாளைக்கு வாரும் என்றார்.

எங்களை அவர் ஒரு நாளும் ஒருமையில் அழைத்ததில்லை. சத்தம் போட்டதும் இல்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கண்ணாடி பளபளவென்று ஆகிவிட்டது என்றால் அன்றைக்கு நாங்கள் என்னவோ செய்திருக்கிறோம் என்று அர்த்தம். கிணறு போடத் தொடங்குவதற்கு முன் தொப்பியைக் கழற்றிவிட்டு ஜெபிப்பார். “ஆண்டவரே, தண்ணி இருந்தா குடும். இல்லாட்டி எங்களுக்குப் பொறுமையக் குடும். ஆமென்.” அவ்வளவுதான். பிறகு சோப்புக் கட்டியை எடுத்து எல்லோருக்கும் நீட்டுவார். ஊர் குடிக்கப் போகும் தண்ணீரில் நம் கை அழுக்கு இறங்கக்கூடாது என்பது அவர் சட்டம். இன்னொரு சட்டமும் உண்டு. தண்ணீர் வெளியே வரும்வரை யாரும் சோற்றில் கை வைக்கக்கூடாது. முதல் வாரத்திலேயே எனக்குப் பட்டறை வேலை தேவலை என்று தோன்றிவிட்டது.

ஆனாலும் தங்கிவிட்டேன். கரிசல் மண்ணில் வேலை பார்ப்பது வேறு மாதிரி. ஈரம் பட்டால் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். காய்ந்தால் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். அதற்குக் கீழே சுக்கான் கல், அதற்கும் கீழே பாறை. பாடுபட்டுத் துளைத்தால் பல இடங்களில் வாயில் வைக்க முடியாத உப்பு. நல்ல தண்ணீர் வந்த நாட்களில் நாங்கள் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி ஊர் திரும்புவோம்.

எப்போதும்வென்றானுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர். பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே இருப்பவர்கள் எல்லாம் ஆடு வளர்ப்பவர்கள். வீட்டுக்குள் தெலுங்கு பேசுவார்கள், வெளியே நம்மைப் போலத்தான். கிணறு வேண்டும் என்று அந்த ஊரிலிருந்து கேட்டிருந்தார்கள். இடம் பார்த்து முளை அடித்துக்கொண்டிருந்தேன். சுப்பையா என்ற பெரிய ஆட்டுக் கிடைக்காரர் வேகமாக வந்தார். ஊரில் அவர் சொல்தான் சொல்.

“யாரக் கேட்டுலே இங்கன முளை அடிக்க?”

“ஊர்க்காரங்கதான் கேட்டாவ அண்ணாச்சி.”

“இன்னைக்குத் தண்ணி குடுப்பிய. நாளைக்கு வேதக் கோயிலு கட்டுவிய. எங்களுக்குத் தெரியாதாக்கும்?”

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கன்னத்தில் ஒன்று விழுந்தது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. என் கையில் சம்மட்டி இருந்தது. அதை ஓங்காமல் எப்படி நின்றேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. தேவசகாயம் சார் எங்கிருந்தோ வந்து எங்களுக்கு நடுவில் நின்றார். சுப்பையாவிடம், “உங்களுக்கு எந்த இடம் தோதுப்படும்னு சொல்லுங்க. அங்கன போடுதோம்” என்றார். சுப்பையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கோவில்பட்டிக்கு வந்து டீக்கடையில் உட்கார்ந்த பிறகுதான் சார் வாய் திறந்தார்.

“அடி வாங்கினது நீரு. அதனால நீரே சொல்லும். நாளைக்கு வண்டி எங்க போணும்? ஓட்டப்பிடாரம் பக்கம் மூணு ஊரு காத்துக் கெடக்கு. அங்க போனாலும் தண்ணிதான், புண்ணியந்தான்.”

வேறு ஊருக்குப் போவோம் என்று சொல்லியிருந்தால் ஒருவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதுதான் சுகமான வழி, நியாயமான வழியும்கூட. ஆனால் மறு கன்னத்தைக் காட்டு என்ற வசனத்தை ஓய்வுநாள் பாடசாலையில் ஒப்புவித்துப் பரிசு வாங்கியவன் நான். அப்போது கன்னம் வசனத்தில் இருந்தது. இப்போது என் முகத்தில் இருந்தது, வீங்கிப்போய்.

மறுநாள் காலையில் போய், “அங்கயே போவோம் சார்” என்றேன்.

“சந்தோஷமாத்தான் சொல்லுதீரா?”

“இல்ல சார்.”

“பரவால்ல. காலு போனாப் போதும்.”

போனோம். இடத்தை அந்த ஊர்ப் பெண்களே காட்டினார்கள். அந்த வட்டாரத்தில் அப்படி ஒரு தண்ணீரை நான் அதற்கு முன் கண்டதில்லை. அவ்வளவு ருசி. சுப்பையா மட்டும் அந்தப் பக்கமே வரவில்லை.

சில வருடங்கள் போயின. எனக்கும் எஸ்தருக்கும் கல்யாணமாகி வெகுநாள் காத்திருந்து ஒரு பெண் பிள்ளை பிறந்தது. ஈஸ்டர் ஞாயிறு அன்று ஞானஸ்நானம் என்று முடிவு செய்தோம். ஓட்டப்பிடாரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் கோவில். எஸ்தர் மாதக்கணக்கில் உட்கார்ந்து வெள்ளைச் சட்டையில் பூத்தையல் போட்டிருந்தாள். அன்றைக்கே கோவிலில் அசனமும் வைத்திருந்தார்கள். சபையார் எல்லோரும் சேர்ந்து ஆக்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. பிள்ளைக்கு ஞானத் தகப்பனாக நிற்க தேவசகாயம் சார் கோவில்பட்டியிலிருந்து ஜீப்பில் வந்திருந்தார். காக்கி இல்லாமல் வெள்ளைச் சட்டையில் அவரை அன்றுதான் பார்த்தேன்.

விடியற்காலை ஆராதனை முடிந்து, அடுத்த ஆராதனைக்கு மணி அடிப்பதற்குள் யாரோ வந்து என்னைத் தேடி ஒரு ஆள் நிற்கிறார் என்றார்கள். போய்ப் பார்த்தேன். கோவில் கேட்டுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சுப்பையா. உள்ளே வரவும் இல்லை, கேட்டில் கை வைக்கவும் இல்லை.

“தம்பி, பம்பு செத்துப் போச்சு. நேத்துல இருந்து தண்ணி ஏறல.”

“கைப்பிடி எப்பிடி இருக்கு?”

“பஞ்சு மாதிரிப் போயிட்டுப் போயிட்டு வருது. கனமே இல்ல.”

விஷயம் புரிந்துவிட்டது. உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. மொத்தப் பைப்பையும் வெளியே இழுத்தால்தான் ஆகும். என்னோடு வேலை செய்பவர்கள் எல்லோரும் பண்டிகைக்குச் சொந்த ஊர் போயிருந்தார்கள். மறுநாளும் விடுமுறை.

“ஊருணியில?”

“வெடிச்சுக் கெடக்கு. வீட்டுக்கு ஒரு கொடம் தேறும். அதக் குடிச்சிட்டா…” என்று நிறுத்தினார். “குட்டி போட்ட ஆடுவ வாயத் தொறந்துக்கிட்டு நிக்குது தம்பி.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. சைக்கிள் மணியைப் பார்த்துப் பேசினார். அந்தக் கேட்டுக்கு முன்னால் வந்து நிற்பது அவருக்கு எத்தனை பாடாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்றைக்கு என் மூக்கில் அசனக் கறி வாசம்தான் ஏறியது. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. “இருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எஸ்தரிடம் போனேன்.

கேட்டதும் அவள் முகம் வாடிவிட்டது. “வருசம் பூரா ஊருக்குத்தான் ஒழைக்கிய. இன்னைக்கு ஒரு நாளு நமக்குன்னு இருக்கக் கூடாதா?” என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவளே கேட்டுக்குப் போனாள்.

“கைப்பிள்ளக்காரிய எத்தன பேரு இருக்காவ உங்க ஊர்ல?”

“நாலஞ்சு பேரு இருப்பாவ தாயி.”

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: “ஞானஸ்நானத்த சாயங்காலம் வைக்கச் சொல்லுங்க. பிள்ள எங்கயும் ஓடிப் போயிராது.”

சாரைத் தேடினேன். யாரும் சொல்லாமலேயே அவர் ஜீப்பின் பின்னால் நின்று சாமான் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லாம் இருக்கு. ஆளுதான் இல்ல” என்றார். பைப்பை இழுக்கப் பலசாலிகள் ஆறேழு பேராவது வேண்டும்.

எங்கள் குருவானவர் ஒல்லியான மனிதர், குறும்புக்காரர். விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஆராதனையில் பிரசங்க நேரம் வந்ததும், “இன்னைக்குப் பிரசங்கம் அஞ்சு நிமிசம்தான்” என்றார். சபைக்குப் பரம திருப்தி. “மிச்சப் பிரசங்கம் எப்போதும்வென்றானுக்குக் கெழக்க இருக்கு. அதுக்குப் பைப்பு தூக்குத ஆம்பிளைய ஏழு பேரு வேணும்.”

யாரும் அசையவில்லை. பிறகு முன்வரிசையில் இருந்த மூப்பர் ஒருவர் எழுந்தார். “ஐயா, அந்த ஊர்க்காரர்தான நம்ம ஞானராச கைநீட்டி அடிச்சவரு?”

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. எனக்குப் பேச்சு வராது. அதிலும் கோவிலுக்குள் வரவே வராது. எழுந்து நின்று, “ஆமா. அவருதான் வந்து நிக்காரு. நான் போறேன். ஒத்தையில முடியாது” என்றேன்.

முதலில் எழுந்தது பாடகர் குழுத் தலைவர் பொன்னையா. அவருக்குப் பின்னால் கட்டைக் குரல்காரர்கள் வரிசையாக எழுந்தார்கள். அந்த மூப்பரும் கடைசியில் செருப்பைத் தேடினார். டிராக்டர் ஒன்று தயாரானது. பண்டிகைக்கு உடுத்திய வெள்ளை வேட்டியோடு எல்லோரும் ஏறினார்கள். சுப்பையாவின் சைக்கிளையும் தூக்கிப் போட்டு, அவரையும் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போனோம்.

பம்படியில் ஊரே கூடியிருந்தது. சார் தொப்பியைக் கழற்றித் தன் குட்டி ஜெபத்தைச் செய்தார். பிறகு சோப்புக் கட்டி வலம் வந்தது. தண்ணீர் இல்லாத ஊரில் கை கழுவ ஒரு செம்புத் தண்ணீரைத்தான் தந்தார்கள். அதை எல்லோரும் சொட்டுச் சொட்டாகப் பங்கிட்டுக் கழுவினோம். சுப்பையாவும் கையை நீட்டினார்.

வேலை இப்படித்தான். முதலில் மேல் மூடியைக் கழற்றி, சங்கிலியை விடுவித்து, கைப்பிடி இருக்கும் தலைப்பாகத்தை இறக்கிவைக்க வேண்டும். குழிக்குள் பைப்பு ஒன்றன்கீழ் ஒன்றாக மரை ஏற்றித் தொங்கும். அதற்குள்ளே கம்பி. மேல் பைப்பைப் பிடித்து ஒரு பைப்பு நீளத்துக்குத் தூக்கி, கீழே இருப்பது நழுவாமல் கிளாம்பு போட்டு இறுக்க வேண்டும். பிறகு மேலே உள்ளதைத் திருகிக் கழற்ற வேண்டும். மறுபடி தூக்கு, இறுக்கு, கழற்று. அவசரப்பட்டால் போச்சு. கிளாம்பு நழுவினால் தொங்குவது மொத்தமும் குழிக்குள் போய்விடும். அப்புறம் அதை எடுக்க முடியாது. கிணறு இருந்தும் இல்லாததுதான்.

பாட்டுக்காரர்களுக்கு முதலில் ஒருமித்துத் தூக்க வரவில்லை. பொன்னையாதான் வழி கண்டுபிடித்தார். கீர்த்தனைக்குத் தாளம் போடுவதுபோல் கையை ஆட்டி, “கட்டக் குரலு தூக்கு, மேக் குரலு புடி” என்றார். அப்படியே நடந்தது. ஊர்ப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் வேட்டிகளில் வெள்ளை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

பாதிக்கு மேல் வந்திருக்கும். ஒரு பைப்பின் மேல் துரு கனத்துக் கிடந்ததை நான் கவனித்தேன், சொல்வதற்குள் கிளாம்பு வழுக்கியது. பைப்பு ஒரு சாண் கீழே இறங்கியது. பாய்ந்து அதைக் கட்டிப்பிடித்தேன். என் கைக்கு அது நிற்காது என்று தெரிந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு கைகள் வந்து என் கைகளின் மேலேயே இறுக்கின. சுப்பையா. மண்ணில் மண்டியிட்டு, பைப்பை நெஞ்சோடு அணைத்திருந்தார். அவர் முகத்துக்கும் என் முகத்துக்கும் நடுவில் பைப்பு மட்டும்தான் இருந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டே, “தம்பி, அன்னைக்கு நான் உன்ன…” என்று ஆரம்பித்தார்.

“அண்ணாச்சி, அத அப்புறம் பேசுவோம். இப்ப விட்டுராதீங்க.”

தேவசகாயம் சார் குனிந்து, துருவைச் சுரண்டி, கிளாம்பை மாற்றிப் போட்டு, மெதுவாகத் திருகினார். எங்களுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. அவர் சொந்த வீட்டு ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் போடுவதுபோல் நிதானமாக முடித்துவிட்டு, “விடலாம்” என்றார். விட்டோம். நின்றது. அந்த ‘அப்புறம்’ என்பது எங்கள் இருவருக்கும் இடையில் வரவே இல்லை. வரத் தேவையும் இருக்கவில்லை.

முறிந்த கம்பி வெளியே வந்தது. வேறு மாட்டினேன். தேய்ந்துபோன தோல் வாஷர்களையும் மாற்றினேன். பிறகு எல்லாவற்றையும் வந்த வழியே உள்ளே இறக்கினோம். பொழுது சாயத் தொடங்கிவிட்டது. யார் வயிற்றிலும் ஒன்றும் இல்லை. கைப்பிடியைச் சுப்பையாவின் மனைவியிடம் கொடுத்து அடிக்கச் சொன்னார் சார். முதலில் காற்று. அப்புறம் ஒரு கொப்புளிப்பு, செங்கல் நிறத்தில். அதன் பிறகு கண்ணாடி மாதிரி வந்தது.

“நீள்ளு, நீள்ளு” என்று, தண்ணீருக்கு வீட்டில் சொல்லும் தெலுங்குச் சொல்லைச் சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஆடுகளுக்கு யார் சொன்னார்களோ, பட்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டன. எங்கள் மூப்பர் ஆடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, நகர முடியாமல் நின்று சிரித்தார்.

சுப்பையா ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு வந்தார், எங்களுக்கு ஆக்கிப்போட. பொன்னையா கையெடுத்துக் கும்பிட்டார். “அது உசுரோட இருக்கட்டும். எங்க கோயில்ல அசனம் அப்படியே இருக்கு. நீங்க வாங்க.”

சுப்பையா சாரைத் தனியே அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டார். “வந்தா, எங்க தலையிலயும் தண்ணியத் தெளிச்சிருவாவளோ?”

“நீங்களே கேட்டாலும் எங்க ஐயா லேசுல தெளிக்க மாட்டாரு. சோறு திங்க வாங்க” என்றார் சார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

டிராக்டர் இரண்டு நடை போக வேண்டியிருந்தது. எங்கள் பெண்கள் கறிக் குழம்பை இறக்கி வைத்து, மறுபடி சூடாக்கி, மறுபடி இறக்கிவைத்துக் காத்திருந்தார்கள். ஆள் கூடிவிட்டது என்று கண்டதும் தயங்காமல் ஒரு பானை ரசம் வைத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் ஞானஸ்நானம். எங்கள் கோவில் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான். சுப்பையாவின் மனைவி தலையில் ஒரு குடத்தோடு வந்து இறங்கினாள். “பிள்ளைக்கின்னு கொண்டாந்தேன்” என்று எஸ்தரிடம் கொடுத்தாள். குருவானவர் அந்தக் குடத்துத் தண்ணீரையே தொட்டியில் ஊற்றச் சொன்னார். ஊற்றுமுன் ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். சுப்பையாவும் அவர் ஊர்க்காரர்களும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எப்போதும் அழுகிற பிள்ளை அன்றைக்கு அழவில்லை.

பிறகு எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். பசிக்குத் தின்ற அந்தச் சோற்றின் ருசி இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. நான் விட்டுக்கொடுத்தது என்று எண்ணிய நாள், என் வாழ்நாளில் நான் அதிகமாகச் சிரித்த நாளாக முடிந்தது.

அன்றைக்கு ஒரு சேதாரம் மட்டும் உண்டு. தேவசகாயம் சார் ஞானத் தகப்பனாகப் பிள்ளையைக் கையில் வாங்குமுன் எத்தனை தடவை சோப்புப் போட்டும் கிரீஸ் கறுப்பு அவர் விரலை விட்டுப் போகவில்லை. எஸ்தர் தைத்த வெள்ளைச் சட்டையின் முதுகில் ஐந்து விரல்களும் அப்படியே பதிந்துவிட்டன. மண்ணெண்ணெய் தேய்த்துப் பார்த்தாள், சீயக்காய் போட்டுப் பார்த்தாள். மங்கியதே தவிரப் போகவில்லை.

அடுத்து மகன் பிறந்தான். அவன் ஞானஸ்நானத்துக்கு எஸ்தர் பெட்டியிலிருந்து அதே சட்டையை எடுத்தாள். என் அக்கா பார்த்துவிட்டு, “ஏட்டி, வேற சட்டை இல்லையா? கறையோடயா பிள்ளையக் கோயிலுக்குக் கொண்டு போவ?” என்றாள்.

எஸ்தர் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: “கறை இல்ல மைனி. பிள்ளையத் தூக்குன கை அது.”